டிரம் மேல என்ன எழுதியிருக்கு?

ஆறாவது செமஸ்டர் லீவில் ஒரு மாசம் இன்டர்ன்ஷிப் போயிருந்தேன். புதுச்சேரியைச் சுற்றி இருக்கிற தொழிற்பேட்டைகளில் ஒன்றில் ஒரு சின்ன யூனிட். பேர் வேண்டாம். மூன்றாவது நாள், ஷிப்டில் இருந்த ஒரு அண்ணன் மூட்டை மூட்டையாக வெள்ளைப் பவுடரை ரியாக்டரின் மேன்ஹோல் வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தார. உள்ளே ஏற்கெனவே டொலுயின் நிரப்பியாச்சு. சும்மா நிற்கிறோமேன்னு நானும் ஒரு மூட்டையைத் தூக்கிட்டுப் போனேன். மூட்டைக்குள்ள பாலித்தீன் பை, காலில் என் சாதாரண ஷூ, மேலே பாலியஸ்டர் சட்டை.

அவர் கையை நீட்டி என்னைத் தடுத்தார். "தம்பி, முதல்ல அந்தச் செம்புப் பட்டையைத் தொட்டுட்டு வா."

"ஏன்ணா?"

"அதெல்லாம் தெரியாது. தொடாம வந்தா தீப்பிடிக்கும்னு எனக்கு வேலை கத்துக்கொடுத்தவர் சொன்னாரு."

ஒன்பது வருஷமா கான்ட்ராக்ட்ல வேலை பார்க்கிறவர். நான் மூணு வருஷம் கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சவன். அந்த இடத்தில் எனக்கு அந்தப் பட்டை எதுக்குன்னு தோணவே இல்ல. ராத்திரி ரூமுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

முதல் வருஷ பிசிக்ஸ்தான். மனித உடம்பு ஒரு கெபாசிட்டர். சுமார் 200 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பையிலிருந்து பவுடர் சரியும்போதும், ரப்பர் சோலோடு நடக்கும்போதும் உடம்பில் 10,000 வோல்ட் ஏறுவது சாதாரணம். அரை சி வி ஸ்கொயர் போட்டால் 10 மில்லிஜூல் வருது. டொலுயின் ஆவியும் காற்றும் சரியான அளவில் கலந்திருந்தால் பற்றவைக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல் சுமார் 0.24 மில்லிஜூல். அதாவது தேவையைப் போல 40 மடங்கை விரல் நுனியில் வைத்துக்கொண்டு நான் மேன்ஹோல் பக்கம் போயிருக்கிறேன். இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கு. சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே நம்ம உடம்புக்கு அந்த 'சுருக்' தெரியவே தெரியாது. 3,000 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 0.9 மில்லிஜூல். அதுவும் போதும்! நாம் உணராத பொறியே பற்றவைத்துவிடும்.

செம்புப் பட்டையைத் தொட்டால் அந்த மின்னூட்டம் எர்த்துக்குப் போய்விடும். ஆனால் நாலு அடி நடந்தால் திரும்ப ஏறும். அதனால்தான் ஒழுங்கான ஆலைகளில் ஆன்டி ஸ்டாட்டிக் ஷூ கொடுப்பார்கள், பவுடர் கொட்டும் முன் ரியாக்டருக்குள் நைட்ரஜன் விடுவார்கள், டிரம்முக்கு எர்த் கிளிப் மாட்டுவார்கள். எங்க யூனிட்ல இருந்தது அந்தப் பட்டையும் அந்த அண்ணனும்தான்.

"நான் மெக்கானிக்கல், எனக்கு இது எதுக்கு?"ன்னு பக்கத்தைத் தள்ளப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. வடக்கே காலாப்பட்டு, மேற்கே சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை, தெற்கே கடலூர் சிப்காட். இந்த வட்டத்துக்குள்ள கேம்பஸ்ல செலக்ட் ஆகிப் போறவங்களில் கெமிக்கல் பசங்க கொஞ்சம் பேர்தான். பம்ப் சீல் மாற்றப் போறது மெக்கானிக்கல், தீப்பிடிக்காத மோட்டார் பார்க்கிறது ட்ரிபிள் ஈ, பிரஷர் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றுவது இன்ஸ்ட்ருமென்டேஷன், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பார்க்கிறது சிவில். கெமிக்கல் எல்லார் மேலயும் ஒரே மாதிரிதான் தெறிக்கும்.

நம்ம ஊருக்கு இந்த வேலை புதுசும் இல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே அவுரியில் முக்கிய நீலத் துணி புதுச்சேரியிலிருந்து கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயிருக்கிறது. அவுரித் தொட்டியில் நடப்பதும் வேதியியல்தான். தொட்டியில் முக்கி எடுக்கும்போது பச்சை மஞ்சளாக இருக்கும் துணி, காற்றுப் பட்டதும் நீலமாகும். அங்கே கை முழுக்க நீலமானது யாருக்கும் தெரியும். இப்போதைய வேலையில் கை நிறம் மாறுவதில்லை, அதுதான் பிரச்சினை.

குடுவையும் ரியாக்டரும்

2023 நவம்பர் 4, சனிக்கிழமை ராத்திரி காலாப்பட்டு மருந்து ஆலையில் வெடிவிபத்து நடந்தது. ஈ.சி.ஆர்ல பஸ்ஸில் போகிற எல்லாருக்கும் தெரிந்த ஆலை. தொழிலாளர்கள் தீக்காயத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னாடி, 2021 மே 13 அன்று, கடலூர் சிப்காட்டில் ஒரு பூச்சிமருந்து ஆலையில் நடந்த விபத்தில் 4 பேர் இறந்தார்கள். கொரோனா இரண்டாம் அலை நேரம், அதனால் அந்தச் செய்தி நம்மில் பலருக்கு ஞாபகமே இருக்காது.

இந்த இரண்டு விபத்துக்கும் காரணம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ரியாக்டர் என்பது ஏன் பெரிதாக்கப்பட்ட குடுவை இல்லை என்பதை ஒவ்வொருவரும் தெரிஞ்சுக்கணும்.

தலைவலிக்குப் போடுற ஐபுப்ரோஃபெனை எடுத்துக்குவோம். காலாப்பட்டில் பல வருஷமாகத் தயாராகிற மருந்துப் பொருள் இது. அதன் வழக்கமான தயாரிப்பு முறையின் முதல் படியில் ஐசோபியூட்டைல் பென்சீனோடு அசிட்டைல் தொகுதியைச் சேர்க்கணும். ஃப்ரீடல் கிராஃப்ட்ஸ் வினை, பிளஸ் டூவில் படித்ததுதான். புத்தகத்தில் அம்புக்குறிக்கு மேல் 'நீரற்ற அலுமினியம் குளோரைடு' என்று பொடி எழுத்தில் இருக்கும், ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்தோம். அந்த 'நீரற்ற' என்ற சொல்லுக்கு ஆலையில் என்ன அர்த்தம் தெரியுமா? மூட்டையைத் திறந்ததும் நம்ம கடற்கரை ஊர் ஈரக்காற்று பட்டாலே அது ஹைட்ரஜன் குளோரைடு புகையாகக் கிளம்பும். தண்ணீர் ஊற்றினால் சீறி வெடிக்கும். தரையில் சிந்தினால் ஹோஸ் பைப் எடுத்துக் கழுவக்கூடாது. தேர்வில் யாரும் நம்மிடம் கேட்காத கேள்வி இது.

அடுத்தது சூடு. வெப்பம் உமிழும் வினையில் சூடு உருவாவது கன அளவைப் பொறுத்தது. சூட்டை வெளியே எடுப்பது ஜாக்கெட்டின் பரப்பளவைப் பொறுத்தது. 1 லிட்டர் குடுவையிலிருந்து 9,000 லிட்டர் ரியாக்டருக்குப் போனால் கன அளவு 9,000 மடங்கு, பரப்போ சுமார் 430 மடங்குதான். ஒரு லிட்டருக்குக் கிடைக்கிற குளிரூட்டும் பரப்பு 21ல் ஒரு பங்காகக் குறைந்துபோகிறது. லேப்பில் ஐஸ் தட்டில் வைத்தால் அடங்கிப்போன வினை இங்கே அடங்காது. 10 டிகிரி ஏறினால் வினை வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், குளிரூட்டலோ வெப்பநிலை வித்தியாசத்துக்கு ஏற்ப நேர்கோட்டில்தான் ஏறும். ஒரு இடத்துக்கு மேல் முந்தையதைப் பிந்தையது பிடிக்கவே முடியாது. இதைத்தான் ரன்அவே ரியாக்ஷன் என்கிறார்கள்.

9,000 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில் டி2 லேபரட்டரீஸ் என்று ஒரு சின்னக் கம்பெனி. பெட்ரோலில் கலக்கும் ஒரு சேர்க்கைப் பொருளைத் தயாரித்தார்கள். லேப்பில் 1 லிட்டர் அளவில் செய்து பார்த்து, பிறகு ஏறக்குறைய 9,000 லிட்டர் ரியாக்டருக்கு மாற்றினார்கள். 174 பேட்ச் ஓடிவிட்டது. 2007 டிசம்பர் 19, 175வது பேட்ச். ஜாக்கெட்டில் தண்ணீர் வரவில்லை. மாற்று ஏற்பாடு கிடையாது. வெப்பநிலை ஒரு எல்லையைத் தாண்டியதும், ரியாக்டரில் இருந்த சோடியம் அதுவரை சாதுவாக இருந்த கரைப்பானோடு வினைபுரிய ஆரம்பித்தது. அப்படி ஒரு இரண்டாவது வினை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அழுத்தத்தை வெளியேற்றும் பாதையும் அதற்குப் போதவில்லை. 4 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் கம்பெனியின் பங்குதாரர், கெமிக்கல் இன்ஜினியர்.

நம்மைப் போல் டிகிரி வாங்கியவர்தான் அவரும். விசாரித்த அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம், ஆலைகளுக்கு மட்டும் பரிந்துரை எழுதி நிறுத்தவில்லை. கெமிக்கல் இன்ஜினியரிங் பாடத்திட்டத்தில் வினைகளின் ஆபத்தைக் கட்டாயமாகச் சேர்க்கணும் என்று, அங்கே கல்லூரிப் பாடத்திட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பிடமும் கெமிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்திடமும் கேட்டது. ஒரு வெடிவிபத்தின் விசாரணை வகுப்பறை வரைக்கும் வந்து நிற்கிறது. நம்ம சிலபஸில் சேஃப்டி பெரும்பாலும் எலெக்டிவ். ஸ்லாட் கிடைக்கலன்னா அதுவும் இல்ல.

மூக்கை நம்பாதே

"வாசனை வந்தா வெளிய ஓடிடுவோம்" என்று ஷிப்டில் சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

2024 ஜூன் 11ஐப் புதுச்சேரியில் இருக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு வீட்டுக் கழிவறை வழியாக வந்து மூன்று பேர் உயிரை எடுத்தது. அது ஆலை இல்லை, வீடு. ஆனால் சாக்கடை வாயுக்களில் பேர்போன ஹைட்ரஜன் சல்பைடு நம்ம ஆலைகளின் கழிவுநீர்த் தொட்டியிலும் வரும், சல்பைடு கலந்த கழிவில் யாராவது அமிலத்தைத் திறந்துவிட்டால் நொடியில் வரும். 1 பிபிஎம்முக்குக் கீழேயே அழுகின முட்டை நாற்றம் தெரிந்துவிடும். சுமார் 100 பிபிஎம் தாண்டினால் மூக்கின் நரம்பு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைத்து மேலும் உள்ளே போவார்கள்.

நைட்ரஜனுக்கு நாற்றமே கிடையாது. காற்றில் 78 சதவீதம் அதுதானே, அதுக்கு யார் பயப்படுவா? ரியாக்டரில் தீப்பிடிக்காமல் இருக்க விட்ட அதே நைட்ரஜன், மறுநாள் உள்ளே இறங்கிச் சுத்தம் செய்யும்போது அங்கேயே இருக்கும். ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 10க்குக் கீழே போனால் மயக்கம். 6க்குக் கீழே போனால் சில மூச்சிலேயே சாய்ந்துவிடுவோம். மூச்சுத் திணறும் உணர்வுகூட வராது, ஏனென்றால் அந்த உணர்வைத் தருவது கார்பன் டைஆக்சைடு சேர்வதுதான், ஆக்சிஜன் குறைவது இல்லை. தொட்டி விபத்துகளில் உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்கிய இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் என்று ஒரே செய்தியில் மூன்று பேர் வருவது இதனால்தான். கயிறும் மீட்டரும் இல்லாமல் இறங்காதீர்கள், விழுந்தது நண்பனே ஆனாலும்.

மீட்டரிலும் ஒரு சிக்கல். டொலுயின் காற்றில் 1.1 சதவீதம் சேர்ந்தால்தான் தீப்பிடிக்கும். எல்.இ.எல். என்பது அந்த அளவு. அதைப் பிபிஎம்மில் எழுதினால் 11,000. ஆனால் 8 மணி நேர ஷிப்டில் சுவாசிக்கலாம் என்று தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொன்னது 100 பிபிஎம்தான். அப்படியென்றால் எல்.இ.எல். மீட்டர் 1 சதவீதம் காட்டும்போதே அது 110 பிபிஎம், உடம்புக்கான எல்லையைத் தாண்டியாச்சு. பல மீட்டர்களில் 1 சதவீதம் என்பது ஊசி நடுங்குகிற அளவு. சேஃப்டி ஆபீசர் "ஜீரோ, போலாம்" என்று சொல்வது தீக்கு, நுரையீரலுக்கு இல்லை.

பத்து வருஷம் கழித்து

வெடிப்பது செய்தியாகிறது. மெதுவாக நடப்பது செய்தியாவதற்குள் ஆளே ரிட்டயர் ஆகிவிடுவார். இதற்கு நம்ம பக்கத்து மாநிலத்திலேயே உதாரணம் இருக்கு, கொடைக்கானல்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை இயந்திரங்களோடு கொடைக்கானலுக்கு வந்தது. முதலில் பாண்ட்ஸ், பிறகு 1987 முதல் இந்துஸ்தான் லீவர். கண்ணாடிக் குழாய் வரும், பாதரசம் வரும், நிரப்பி ஏற்றுமதி செய்வார்கள். மலையில் அரிதாகக் கிடைக்கிற மாசச் சம்பள வேலை, ஊர் இளைஞர்கள் சந்தோஷமாகச் சேர்ந்தார்கள். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் டன் கணக்கில் கிடப்பது வெளியே வந்தது. ஆலை அந்த மாதமே மூடப்பட்டது. 2003ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் சிறுநீரகம், நரம்பு பாதிப்புகளைச் சொன்னார்கள். தாங்கள் செய்த ஆய்வுகளில் வேலையால் உடல்நலம் கெட்டதாகத் தெரியவில்லை என்று நிறுவனம் சொன்னது. வழக்கு பல வருஷம் நடந்து, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள், குடும்பத்தினரோடு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் சிலருக்கு 30 வருஷத்துக்கு மேல்.

இங்கேயும் ஒரு கணக்கு. மூடின அறையில் 20 டிகிரியில் பாதரசம் சிந்திக் கிடந்தால், காற்று அதிகபட்சம் தாங்கும் ஆவி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 13 மில்லிகிராம். தொழிற்சாலைச் சட்டம் அனுமதித்தது 0.05. கிட்டத்தட்ட 260 மடங்கு. நிறமில்லை, மணமில்லை. மலைக் குளிருக்கு ஜன்னலை மூடி வைத்து வேலை செய்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். தரை இடுக்கில் உருண்டு போன சின்ன மணிகள் மாசக்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்தால் அது வீட்டுத் தரைக்கும் வரும்.

பதினாறு பகுதி உள்ள பேப்பர்

இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம். ஒவ்வொரு கெமிக்கலுக்கும் எஸ்.டி.எஸ்., பழைய பேர் எம்.எஸ்.டி.எஸ்., என்று ஒரு பாதுகாப்புத் தாள் உண்டு. பதினாறு பகுதி. பெரும்பாலும் ஆபீஸ் பீரோவில் ஃபைல் போட்டு ஆடிட்டுக்காக வைத்திருப்பார்கள். அதை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள், தூக்கம் வந்துடும். நான் படிக்கிற வரிசை 9, 8, 10, 4.

9ல் ஃப்ளாஷ் பாயின்ட் பாருங்க. டொலுயினுக்கு 4 டிகிரி. புதுச்சேரியில் எந்த நாளும் எந்த மணியிலும் அது பற்றிக்கொள்ளும் நிலையில்தான் இருக்கு. ஆவி அடர்த்தி 3.1, காற்றைவிட மூன்று மடங்கு கனம். அதனால் மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் அதை இழுக்காது, அது தரையோடு ஓடி வடிகாலில் இறங்கும். 8ல் எந்தக் கையுறை என்று எழுதியிருக்கும். சர்ஜிக்கல் லேட்டக்ஸ் கையுறை டொலுயினில் சில நிமிஷம் தாங்குவதே பெரிசு. 10ல் எதோடு சேரக்கூடாது என்று இருக்கும், அலுமினியம் குளோரைடுக்கு அங்கே முதல் வார்த்தை தண்ணீர். 4 முதலுதவி. கண்ணில் பட்டபிறகு தேடிப் படிக்க முடியாது.

கேட்டால் கொடுப்பாங்களா? கொடுக்கணும். 1984 டிசம்பரில் போபாலில் சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் வெளியேறிய பிறகு, 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு தனி அத்தியாயமே சேர்த்தார்கள். என்ன ஆபத்து என்பதை ஆலை நடத்துபவர் தொழிலாளிக்குச் சொல்லியே ஆகணும் என்றது 41பி. உடல்நலப் பதிவேட்டைத் தொழிலாளி பார்க்கலாம் என்றது 41சி. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் எடுத்துச் சொல்லும் உரிமை 41எச். கான்ட்ராக்டர் மூலமாக வந்தவரும் அந்தச் சட்டத்தில் 'தொழிலாளி'யாகத்தான் இருந்தார். 2020ல் நிறைவேறிய புதிய தொகுப்புச் சட்டத்துக்குள்ளும் இந்த உரிமைகள் வருகின்றன. இன்டர்வியூவில் ஹெச்.ஆர். "எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்கும்போது சம்பளத்துக்கு அடுத்து இதைக் கேட்கலாம். முகம் மாறினால் அதுவும் ஒரு பதில்தான்.

இன்டர்ன்ஷிப் முடிய ரெண்டு நாள் இருக்கும்போது டொலுயின் எஸ்.டி.எஸ்ஸைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, லேமினேட் பண்ணி, அந்த மேன்ஹோல் பக்கத்தில் தொங்கவிட்டேன். சூப்பர்வைசர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த அண்ணன் டீ டைமில் நின்று முழுசாகப் படித்தார். செம்புப் பட்டை வரியில் சிரித்தார். தோல் வழியாக உள்ளே போகும் என்ற வரியில் விரலை வைத்து நிறுத்தினார்.

"அப்ப நாங்க தினம் ஷிப்ட் முடிஞ்சு கிரீஸ் போகக் கை கழுவுறது இதுலதானே தம்பி?"